பாலித் தீவில் ஏழாண்டு வாழ்ந்தவரும் பாரிசில் சில பொழுதுகள் கேட்டவரும்

தொலைவழி

பயணம் செய்கிற இசையமைப்பாளர் புதிய இசையோடுதான் ஊர் திரும்புவார் என்று நாம் எல்லோரும் எளிதாக நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கையைச் சோதிக்க இரண்டு பேரை எடுத்துக்கொண்டு இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலாமவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் குளோது தெபுசி. 1889இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் டச்சுக்காரர்கள் ஒரு ஜாவா கிராமத்தை மூங்கிலும் கூரையுமாக எழுப்பி, அங்கே வெண்கலக் கட்டைகளும் கொங்கு (gong) என்ற வெண்கலத் தட்டுகளும் சேர்ந்த கமெலான் குழுவையும் ஆடும் பெண்களையும் அமர்த்தியிருந்தார்கள். தெபுசி அங்கே போய்க் கேட்டார். ஜாவாவுக்கு அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனாலும் கேட்டது அவரை விடவில்லை. 1903இல் 'பகோத்' என்ற பியானோ படைப்பாக அது வெளிப்பட்டது.

இரண்டாமவர் 1900இல் மொன்றியாலில் பிறந்த காலின் மெக்பீ. நியூயார்க்கில் இருந்தபோது பாலியில் பதிவான சில இசைத்தட்டுகளைக் கேட்டவர், 1931இல் தம் மனைவியான மானிடவியலாளர் ஜேன் பெலோவுடன் கப்பலேறினார். உபுதுக்கு அருகே சாயான் என்ற ஊரில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வீடு கட்டினார். இடையிடையே வெளியே போய்வந்தாலும் 1938 முடியும்வரை அங்கேயே வாழ்ந்தார். நூற்றுக்கணக்கான மெட்டுகளைக் காதால் கேட்டு எழுதிவைத்தார். அத்தனைக்கும் பிறகு அவருடைய பெரிய இசைப்படைப்பு என்று உலகம் நினைவில் வைத்திருப்பது 1936இல் எழுதிய 'தபு-தபுஹான்' ஒன்றை மட்டுமே. திரும்பி வந்தபின் பல ஆண்டுகள் அவர் பெரிதாக எதையும் இயற்றவில்லை.

சில பொழுதுகள் கேட்டவருக்குக் கை திறந்தது. ஏழாண்டு வாழ்ந்தவருக்குக் கை கட்டிப்போனது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

கறுப்புக் கட்டை

நான் பியானோ கற்பிப்பவள். 'பகோத்' என் மாணவர்கள் அடிக்கடி கேட்டு வாங்கிக்கொள்ளும் பாடம் என்பதால், தெபுசி அங்கிருந்து எதை எடுத்துக்கொண்டார் என்பதை விரல்வழியாக ஓரளவு அறிவேன்.

ஐந்து சுர வரிசையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். கறுப்புக் கட்டைகளில் கை புரள்வதும், கேட்டவுடன் 'கிழக்கு' என்று தோன்றுவதும் உண்மைதான். ஆனால் ஐந்து சுர வரிசை ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலிலும் உண்டு. அதற்காக யாரும் கண்காட்சிக்குப் போக வேண்டியதில்லை. தெபுசி உண்மையில் எடுத்துக்கொண்டது அடுக்கு. அடியில் ஆழமான ஒரு ஒலி நெடுநேரம் நின்று அதிர்கிறது; அதற்கு மேலே ஒரு மெட்டு நிதானமாக நடக்கிறது; அதற்கும் மேலே அதே சுரங்கள் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் சிதறுகின்றன. பெரிய கருவி மெதுவாகவும் சிறிய கருவி விரைவாகவும் ஒலிக்கும் கமெலானின் ஒழுங்கு இதுதான். வலது மிதியை அழுத்திப் பிடித்து ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்று கலக்கவிட்டால், பியானோ கொஞ்ச நேரம் தன்னை வெண்கலம் என்று நினைத்துக்கொள்கிறது.

பல ஆண்டுகள் கழித்து 1913இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஜாவா இசையின் பின்னல் நயத்தின் முன் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பலஸ்த்ரீனாவின் பின்னல் குழந்தை விளையாட்டு என்ற பொருளில் தெபுசி குறிப்பிட்டிருக்கிறார். கேட்டு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆன பின்பும் அவர் நினைவில் நின்றது மெட்டன்று, அதன் பின்னல்.

பாலக்கரை மிருதங்கன்

அம்மா சொன்ன அடுக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது. என் சிக்கல் வேறு. இந்த இழையைப் பார்த்துவிட்டு நேற்றிரவு ஒரு பாலிக் கமெலான் பதிவைக் கேட்டேன். தாளக்கட்டு மெய்சிலிர்க்க வைத்தது. ஆனால் சுருதி? ஒவ்வொரு சுரமும் நடுங்குகிறது. இரண்டு தம்புராக்களைச் சரியாகச் சேர்க்காமல் மேடையில் வைத்தால் எங்கள் குருநாதர் எழுந்தே போய்விடுவார். இத்தனை நுட்பமான கலைஞர்கள் கருவிகளை ஏன் இப்படி விட்டுவைத்திருக்கிறார்கள் என்று விளங்கவில்லை. அறியாமல் கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தென்பசார்வாசி

ஐயா, நான் பிழைப்புக்காகத் தென்பசாரில் ஒரு விடுதியின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். இசைப் பயிற்சி இல்லாதவன். வந்த புதிதில் எனக்கும் இதே கேள்வி எழுந்தது. பதில் சொன்னவர் எங்கள் விடுதித் தோட்டக்காரர். அவர் தம் ஊர்க் குழுவில் வாசிப்பவர்.

அந்த நடுக்கம் கவனக்குறைவு அன்று, வேண்டுமென்றே வைப்பது. கருவிகள் இரண்டிரண்டாகச் செய்யப்படுகின்றன. ஜோடியில் ஒன்று சற்றுத் தாழ்ந்தும் மற்றொன்று சற்று உயர்ந்தும் இருக்கும். தாழ்ந்ததைப் பெங்கும்பாங் என்றும் உயர்ந்ததைப் பெங்கிசெப் என்றும் சொல்கிறார்கள். ஒரு கட்டை நொடிக்கு 300 அதிர்வும் அதன் ஜோடி 307 அதிர்வும் கொண்டிருந்தால், இரண்டையும் சேர்த்துத் தட்டும்போது நொடிக்கு ஏழு முறை ஒலி எழுந்து தணியும். அந்த எழுச்சிக்கு ஓம்பாக் என்று பெயர். அலை என்று பொருள். ஓம்பாக் இல்லாத கருவி அவர்கள் காதுக்கு உயிரற்றது. நம் மேடையில் அபசுருதி என்று ஒதுக்குவதை, இங்கே கொல்லன் அரத்தை எடுத்து ராவி ராவி அளந்து வைக்கிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் வியந்த அந்த வேகத்தை ஒருவர் தனியாக வாசிப்பதில்லை. கோத்தேகான் என்ற முறையில் இருவர் ஒரே வரியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். போலோஸ் என்ற பகுதி பெரும்பாலும் தட்டின்மேல் விழும். சங்சி அதன் இடைவெளிகளில் புகும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் ஓட்டை விழுந்த கூடைபோல இருக்கும். சேர்ந்தால் ஒரு மனிதக் கையால் எட்ட முடியாத ஓட்டம் பிறக்கும். பல கோயில்களில் 210 நாளுக்கு ஒருமுறை வரும் ஓடாலான் திருவிழாவில் இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பகலில் வயலிலும் கடையிலும் வேலை செய்தவர்கள் இரவில் வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து அமர்கிறார்கள். யாரும் ஏட்டைப் பார்ப்பதில்லை. வலக்கை தட்டும்போதே இடக்கை முந்தைய கட்டையைப் பிடித்து ஒலியை அடக்குகிறது.

இதை மெக்பீ எப்படிப் பியானோவுக்குக் கொண்டுபோனார் என்பதே எனக்குப் புதிராக இருக்கிறது. பியானோவில் அலை வராதே.

பாலக்கரை மிருதங்கன்

கண் திறந்தது. தனி ஆவர்த்தனத்துக் குறைப்பில் நாங்கள் முறைவைத்துப் பரிமாறுகிறோம். நான் வாசித்து முடித்ததும் கடக்காரர் வாசிப்பார். இவர்கள் ஒரே வரியை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் தவறினால் என் வாசிப்பும் அர்த்தமிழந்துவிடும் என்ற நிலை எங்கள் மேடையில் அவ்வளவாக இல்லை. இதைக் கேட்ட பின்பு ஒரு இசையமைப்பாளர் பழைய மாதிரியே எழுத முடியுமா என்பது சந்தேகம்தான்.

மறுபக்கம்

நல்ல விளக்கங்கள். ஆனால் இந்த வகைப் பேச்சில் 'தொன்மையான பண்பாடு' என்ற சொல் மெல்ல நுழைந்துவிடும். அதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

மெக்பீ கப்பலில் இறங்கியபோது பாலி, காலம் தொடாத பழங்காலத் தீவாக இருக்கவில்லை. 1906இல் பாதுங்கிலும் 1908இல் குலுங்குங்கிலும் டச்சுப் படையை எதிர்கொண்ட அரச குடும்பத்தினர் பணிய மறுத்து, புபுத்தான் என்ற இறுதிப் போரில் கூட்டமாக உயிர்நீத்தார்கள். அரண்மனைகள் வலுவிழந்ததும் அவற்றின் கமெலான்களைக் காப்பாற்ற ஆளில்லாமல் போனது. கருவிகள் ஊர்க் குழுக்களின் கைக்கு வந்தன. 1915ஐ ஒட்டித் தீவின் வடக்கே கெப்யார் என்ற புதிய பாணி பிறந்தது. திடீரென வெடிக்கும் தொடக்கமும் மூச்சுமுட்டும் வேகமும் அதன் அடையாளம். அந்த மோகம் தெற்கே பரவியபோது, பல ஊர்களில் பழைய அரண்மனைக் கருவிகளையே உருக்கிப் புதிய கருவி வார்த்துக்கொண்டார்கள். இன்று சுற்றுலாப் பயணி 'ஆயிரமாண்டு மரபு' என்று கண்மூடிக் கேட்பது பெரும்பாலும் என் கொள்ளுத்தாத்தா காலத்துப் புதுமை.

பாரிஸ் கண்காட்சியும் அப்படித்தான். மேற்கு ஜாவாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்த கமெலானையும் நடு ஜாவாவின் அரண்மனை ஆட்டப் பெண்களையும் ஒன்றாக நிறுத்தி 'ஜாவா கிராமம்' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சேர்க்கை ஜாவாவில் எங்கும் இருந்ததில்லை. தெபுசியை உலுக்கிய தொன்மை, டச்சு வணிகர்கள் ஒட்டுப்போட்ட தொன்மை.

தொலைவழி

மறுபக்கம் அவர்கள் சொன்னது என் முதல் கேள்விக்கே ஒரு திறவுகோலைத் தருகிறது.

மெக்பீக்குக் கெப்யார் முழுமையாகப் பிடிக்கவில்லை. அதன் திறமையை மதித்தார்; ஆனால் அவர் மனம் போனது அரண்மனை உள்முற்றத்தில் இசைத்த செமார் பெகுலிங்கானிடம். அந்த மென்மையான கமெலான் உருகி மறைந்துகொண்டிருந்தது. குத்தாவைச் சேர்ந்த இசையமைப்பாளர் வாயான் லோத்ரிங்கின் துணையோடு, அவ்வகைக் குழுவொன்றை மீண்டும் அமைக்க மெக்பீ முயன்றார். ஊர்ச் சிறுவர்களைக் கொண்டு ஒரு கமெலான் குழுவையும் உருவாக்கினார். அதாவது, இசை தேடி வந்தவர் மெல்ல அதன் காவலராகிவிட்டார். கண்ணெதிரே ஒன்று கரைந்துபோகும்போது, அதைக் குறித்துவைப்பதா அல்லது அதிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு சொந்தமாக எழுதுவதா என்ற கேள்வி அவருக்கு எழுந்திருக்க வேண்டும். அவர் குறித்துவைக்கும் வேலையைத் தேர்ந்தார்.

தெபுசிக்கு அந்தச் சுமை இல்லை. அவர் கேட்டது அரைகுறை. எனவே மீதியைத் தாமே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அறியாமை என்று சொல்லலாம், ஆனால் அந்த இடைவெளியில்தான் 'பகோத்' பிறந்தது. மெக்பீயிடம் இடைவெளியே மிச்சமில்லை. ஒவ்வொரு மெட்டுக்கும் எந்த ஊர், எந்தச் சடங்கு, யார் கற்றுக்கொடுத்தார் என்று தெரிந்தவருக்கு, அதில் ஒரு சுரத்தை மாற்றக்கூடக் கை கூசியிருக்கும்.

'தபு-தபுஹானை' இதற்கு மறுப்பாகச் சொல்லலாம்தான். ஒரு மேற்கத்திய இசைக்குழுவின் நடுவே இரண்டு பியானோ, செலஸ்டா, சைலோபோன், மரிம்பா, குளோக்கன்ஸ்பீல் ஆகியவற்றை வைத்து அதைத் தம் 'கருக் கமெலான்' ஆக்கினார். உண்மையான பாலிக் கொங்குகளையும் சேர்த்தார். 1936இல் மெக்சிகோ நகரில் கார்லோஸ் சாவேஸ் அதை நடத்தினார். அமெரிக்காவிலோ அதன் பிறகு பல ஆண்டுகள் அதைச் சீண்டுவாரில்லை. ஆனால் கவனியுங்கள்: அதை அவர் எழுதியது பாலியில் அன்று, தீவைவிட்டு வெளியே வந்திருந்த ஓராண்டு இடைவெளியில்.

கறுப்புக் கட்டை

கடைசி வரி அருமை. விலகி இருந்தபோதுதான் எழுத முடிந்தது என்பது என்னை வேறொருவரிடம் கொண்டுபோகிறது.

தென்பசார்வாசி கேட்ட புதிருக்கு முதலில் விடை: நிழற்கூத்துக்கு வாசிக்கும் கெண்டேர் வாயாங் உள்ளிட்ட பாலி இசையிலிருந்து மூன்று துண்டுகளை மெக்பீ இரண்டு பியானோக்களுக்குப் பெயர்த்தெழுதினார். கோத்தேகானின் இரு பகுதிகள் இரண்டு பியானோக்களுக்குப் போயின. அலை வரவில்லை என்பது உண்மை, பின்னல் வந்தது. 1941இல் அமெரிக்காவில் மெக்பீயோடு சேர்ந்து அவற்றை வாசித்து இசைத்தட்டில் பதிந்தவர், அப்போது அங்கே தங்கியிருந்த இளம் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன்.

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1956 ஜனவரியில், பிரிட்டன் தாமே பாலிக்குப் போனார். ஏறத்தாழ இரண்டு வாரம்தான். அப்போது அவர் கையில் முடிக்க முடியாமல் தேங்கிப்போன ஒரு பாலே இருந்தது. உபுதில் கேட்டதையெல்லாம் குறிப்பேட்டில் வரிசை வரிசையாக எழுதிக்கொண்டார். 1957 ஜனவரி முதல் நாள் லண்டனில் அரங்கேறிய 'பகோடாக்களின் இளவரசன்' பாலேயில், பகோடாக்கள் சுழலும் இடத்தில் மேற்கத்தியத் தட்டுக்கருவிகள் கமெலானாகவே மாறிவிடுகின்றன. இரண்டு வாரத்தில் இவ்வளவு எப்படிச் சாத்தியமானது என்று வியக்கலாம். என் கணக்கில் அது இரண்டு வாரமன்று, பதினைந்து ஆண்டும் இரண்டு வாரமும். மெக்பீயின் பக்கத்துப் பியானோவில் அமர்ந்தபோதே விரல்கள் அதைப் பழகிவிட்டன.

அதே பயணத்தில் அவர் தோக்கியோவில் 'சுமிதாகவா' என்ற நோ நாடகத்தைப் பார்த்தார். நோ என்பது ஜப்பானின் மரபான முகமூடி நாடகம். மறுபடியும் போய்ப் பார்த்தார். பதினைந்தாம் நூற்றாண்டு நாடகம். காணாமல்போன மகனைத் தேடி அலைகிற தாய் ஓர் ஆற்றைக் கடக்கிறாள். ஓடக்காரன் சொல்லும் கதையில்தான் மகன் இறந்தது அவளுக்குத் தெரியவருகிறது. இதிலிருந்து 'கர்லியூ ரிவர்' பிறக்க எட்டு ஆண்டுகள் ஆயின. 1964இல் இங்கிலாந்தின் ஒர்ஃபர்டு ஊர்த் தேவாலயத்தில் அரங்கேறியது. ஆற்றைக் கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுவந்தார், நடிப்பவர்கள் துறவிகள், தொடங்குவதும் முடிவதும் இலத்தீன் வழிபாட்டுப் பாடலில். தாயின் வேடத்தை ஆண் பாடுகிறார். நோவில் இருப்பதுபோலவே இசைநடத்துநர் இல்லை. பாடுபவரும் வாசிப்பவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு நகர்கிறார்கள். இந்த இழையில் பேசப்படும் படைப்புகளில் என்னைக் கேட்டால் இதுதான் உச்சம். ஜப்பானியச் சாயலை மேலே பூசிக்கொள்ளாமல், அந்த நாடகத்தின் அடக்கத்தை எடுத்துக்கொண்டார்.

பாலக்கரை மிருதங்கன்

தாளக்காரன் என்ற முறையில் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கைச் சேர்க்கிறேன். 1970இல் கானாவுக்குப் போய் அக்ராவில் மேளம் கற்றார். சில வாரங்களிலேயே மலேரியா வந்து திரும்ப வேண்டியதாயிற்று. மறு ஆண்டே அவருடைய 'டிரம்மிங்' என்ற படைப்பு வந்தது. அதன் பிறகு பாலிக் கமெலானையும் அமெரிக்க மேற்குக் கரையில் இருந்த ஆசிரியர்களிடம் கற்றார். ஆனால் ஆப்பிரிக்க மேளத்தையோ பாலி வெண்கலத்தையோ தம் மேடைக்குக் கொண்டுவரவில்லை. பிற பண்பாட்டின் ஒலியை நகலெடுப்பதைவிட அதன் கட்டமைப்பைக் கற்றுத் தம் ஊர்க் கருவிகளில் யோசிப்பதே மேல் என்பது அவருடைய நிலைப்பாடு. எங்கள் கச்சேரிகளில் 'கலப்பு இசை' என்ற பெயரில் ஒரு வெளிநாட்டுக் கருவியைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு பேரும் தத்தம் வழியில் வாசிப்பதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும்.

போகாமலே எழுதியவர் இன்னொருவரும் உண்டு. ஹங்கேரி ஊர்களிலும், 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்கராவிலும், 1936இல் துருக்கியிலும் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஹங்கேரி இசையமைப்பாளர் பார்த்தோக், தம் 'மிக்ரோகோஸ்மோஸ்' தொகுப்பில் பாலித் தீவின் பெயரில் ஒரு சிறு துண்டு எழுதியிருக்கிறார். அவர் கால் படாத தீவு அது.

மறுபக்கம்

எல்லாம் சரி. ஆனால் இந்தப் பட்டியல் முழுக்கப் பயணம் செய்தவர் பெயர்களாகவே இருக்கிறதே. லோத்ரிங்கின் பெயர் ஒரே ஒருமுறை வந்தது. மெக்பீக்குக் கார் ஓட்டியபடியே ஊர் ஊராகக் கலைஞர்களை அறிமுகம் செய்து, மெட்டுகளை வாசித்துக் காட்டிய பெலியாத்தானின் மாடே லெபா பெயர் இதுவரை வரவேயில்லை. அவர் வெறும் ஓட்டுநர் அல்லர்; தேர்ந்த கலைஞர். 1952இல் பெலியாத்தான் குழு அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சுற்றிவந்தபோது அதில் வாசித்தவர். பயணம் தந்த கொடை என்று நாம் சொல்வதில் பாதி, இத்தகைய ஒருவர் பொறுமையாகத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டியதுதான்.

தென்பசார்வாசி

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கொடை ஒருவழிப் பாதையாகவும் முடியவில்லை. மெக்பீயைக் கப்பலேற்றிய அந்த 1928 காலத்து இசைத்தட்டுகள் தீவில் அவ்வளவாக விற்கவில்லை. அவர் சேர்த்துவைத்த பிரதிகள் பிற்காலத்தில் லாஸ் ஏஞ்செலசில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் காப்பகத்தில் தங்கின. அவற்றையும் வேறு காப்பகங்களில் இருந்தவற்றையும் திரட்டி மறுவெளியீடு செய்திருக்கிறார்கள். இன்றைய பாலிக் கலைஞர்கள் தங்கள் பாட்டன்மாரின் வாசிப்பை அவற்றில் கேட்கிறார்கள். 1964இல் அவர் இறந்து இரண்டாண்டு கழித்து வெளிவந்த பெருநூலும், மறைந்துபோன வாசிப்பு முறைகளைத் தேடுவோருக்கு இன்றும் பயன்படுகிறது. இயற்றாமல் குறித்துவைத்ததை, தொலைவழி அவர்கள் கை கட்டிப்போனது என்றார். எங்கள் தோட்டக்காரரிடம் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார்.

தொலைவழி

அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மெக்பீ கடைசிக் காலத்தில் மாணவர்களுக்குக் கற்பித்தார், ஒரு சிம்பொனியும் எழுதினார் என்பதையும் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கறுப்புக் கட்டை

ஒரு சிறு செய்தியோடு வருகிறேன். மெக்பீயின் இரு பியானோப் பெயர்ப்பை வரும் மாதம் என் மூத்த மாணவி ஒருத்தியோடு வாசிக்க முடிவு செய்து, நேற்று முதல் பயிற்சி நடந்தது. எங்கள் அறையில் உள்ள இரண்டாவது பியானோ பழையது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து முழுதும் ஒரே அளவில் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. சுருதி சேர்ப்பவரை வரச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் போலோஸ் பகுதியையும் அவள் சங்சிப் பகுதியையும் வாசித்தோம். இரு கைகளும் ஒரே சுரத்தில் சந்தித்த இடங்களில் ஒலி எழுந்து தணிந்தது. அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடி வாசித்தோம். இன்று காலை சுருதி சேர்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, நிகழ்ச்சி முடிந்த மறுநாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

பாலக்கரை ஐயா வருவதாக இருந்தால் முன்வரிசையில் இடம் வைக்கிறேன். எழுந்து போகக்கூடாது.